நாஜி வேஷம் பூண்ட நாஜி விரோதி

காஸபிளாங்கா என்னும் அமெரிக்கப் பேசும் படம் 1942-ஆம் ஆண்டில், யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில் தயாராயிற்று. அதைப் பார்த்தவர்கள் ஹம்ப்ரி போகார்ட்டையும் இன்கிரிட் பெர்க்மனையும் மறப்பதில்லை. காதலியை அவளுடைய கணவனோடு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூடுபனியில் நிற்கும் கதாநாயகனின் தியாகத்தை உலகம் போதிய அளவு புகழ்ந்துவிட்டது. அதே கட்டத்தில் குண்டு பட்டு விழுகிற நாஜி அதிகாரி மேஜர் ஸ்ட்ராஸருக்காக இரங்குவார் எவருமில்லை, இரங்கவும் வேண்டாம். ஆனால் அந்த வேஷத்தைத் தரித்த கான்ராட் வைட் என்ற நடிகரின் வரலாறு, படத்தின் கதையைவிட நம் உள்ளத்தை அதிகமாகக் கவர்வது.

வைட் 1893-இல் பெர்லினில் பிறந்தவர். மாக்ஸ் ரைன்ஹார்ட் நடத்திய பிரசித்தி பெற்ற நாடக சபையில் சேர்ந்து பயின்றார். 1914-இல் மூண்ட யுத்தம் அவரையும் பட்டாளத்தில் சேர்த்துக் கிழக்குப் போர்முனைக்கு இழுத்துச் சென்றது. நோயுற்றுத் திரும்பியவர், 1920-இல் வெளிவந்த டாக்டர் காலிகாரி என்ற ஊமைப்படத்தில், தூக்கத்தில் நடந்து சென்று கொலை செய்பவனாக நடித்து ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றார். மறுவருஷம் பெர்லினுக்கு அருகே செட்டுகள் போட்டு எடுத்த இந்தியக் கல்லறை என்ற படத்தில் நம் நாட்டு மகாராஜா ஒருவராகவும் தோன்றினார். பழிவாங்கும் வெறி கொண்ட மகாராஜா! நம்மைப் பற்றி ஐரோப்பியர் கண்ட விசித்திரக் கனவுகளில் அதுவும் ஒன்று. அதற்காக நடிகரைக் கோபித்துப் பயனில்லை.

1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். நாடகம், சினிமா, பத்திரிகை எல்லாவற்றிலிருந்தும் யூதர்களை விரட்டும் கைங்கரியம் உடனே துவங்கியது. நடிகர்கள் தங்கள் ஜாதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பாரங்கள் வந்தன. வைட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அவருக்கு யாதொரு தீங்கும் நேர்ந்திராது. அவ்வருஷம் அவர் மணந்த லிலி என்ற பெண்மணியோ யூத வகுப்பினர். வைட் பாரத்தில் தாமும் யூதரென்று எழுதிக் கையொப்பமிட்டார். மனைவியுடன் இங்கிலாந்துக்குக் குடியேறினார்.

இதை நாம் அற்பமாக எண்ணிவிடக் கூடாது. அப்போது அவருக்கு வயது நாற்பது. நடிகனுக்குத் தாய்மொழி போய்விட்டால் பாதி ஜீவன் போனது போலத்தான். ஊரும் மொழியும் சம்பாதித்த கீர்த்தியும் ஒரு பக்கம். பொய்யென்று தெரிந்தும் அவர் எழுதிய ஒரே சொல் மறுபக்கம். மௌனமாக இருந்து பிழைத்துக்கொண்ட கலைஞர்கள் ஜெர்மனியில் எத்தனையோ பேர். அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதி இடத்தை வீணாக்க நாம் விரும்பவில்லை.

இங்கிலாந்தில் 1934-இல் அவர் நடித்த ஜூ சூஸ் என்ற படம், யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அனுதாபத்தோடு எடுத்துக் காட்டியது. பிறகு அவர் பிரிட்டிஷ் பிரஜையானார். யுத்தம் வந்ததும் தம் சம்பாத்தியத்தில் பெரும் பகுதியை யுத்த நிவாரணத்துக்கு வழங்கினார். 1940-இல் வெளிவந்த பாக்தாத் திருடன் படத்தில், மைசூர் யானைப் பாகன் மகன் சாபுவோடு மோதும் மந்திரவாதி ஜாபர் இவரே என்பது நம்மவர் பலருக்கு நினைவிருக்கும்.

ஹாலிவுட் சென்றதும், நாஜி வேஷங்கள் அவரைத் தேடி வந்தன. தாம் வெறுத்தவர்களின் உடுப்பை அணிய அவர் தயங்கவில்லை; அவர்களை நல்லவர்களாகக் காட்ட மட்டும் இணங்கவில்லை. ஸ்ட்ராஸர் கூச்சலிடுவதில்லை, பல்லைக் கடிப்பதில்லை, மரியாதையாகப் பேசுகிறான். அந்த மரியாதையே நம் முதுகைச் சில்லிட வைக்கிறது.

ஜெர்மன் அதிகாரிகளின் பாட்டை அமுக்கிக்கொண்டு விடுதியில் உள்ளவர்கள் பிரெஞ்சு தேசிய கீதத்தை முழங்கும் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்படத்தில் நடித்தவர்களில் பலர் ஹிட்லருக்குத் தப்பி ஓடி வந்த உண்மையான அகதிகள். கீதம் முடிந்ததும் விடுதியை மூடச் சொல்லி ஸ்ட்ராஸர் உத்தரவிடுகிறான். அவர்களை அடக்கும் அதிகாரியாக நின்றவரும் நாடிழந்தவரே!

சுதந்திர கீதம் எழும் அந்த ஊர் மொராக்கோவில் உள்ளது. அன்று மொராக்கோ பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் பிடியில் இருந்தது. அந்த மண்ணுக்குரியவர்களின் விடுதலையைப் பற்றிப் படத்தில் பேச்சே இல்லை. அவர்கள் 1956 வரையில் காத்திருக்க நேர்ந்தது. படத்தை நாம் எவ்வளவு ரசித்தாலும் இந்த முள் நம்மை உறுத்தாமல் இல்லை.

படம் அமெரிக்கா முழுவதும் ஓடிக்கொண்டிருக்கையில், 1943 ஏப்ரல் 3-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ப் விளையாடும்போது வைட் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது ஐம்பது. அடுத்த வருஷம் காஸபிளாங்கா சிறந்த படத்துக்குரிய ஆஸ்கார் பரிசு பெற்றதை அவர் காணவில்லை. 1945-இல் ஹிட்லர் ஒழிந்ததையும் காணவில்லை. வெகு காலத்துக்குப் பின், 1998-இல், அவருடைய அஸ்தியும் லிலியின் அஸ்தியும் லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் ஒன்றாக வைக்கப்பட்டன.