ஆந்திர கேசரியும் குடிக்கூலியும்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் மாதம் பிறந்தால் இரண்டு கணக்குகள் ஒருங்கே விரிகின்றன. ஒன்று, தொழிற்சாலையில் வாங்கிய கூலியில் குடிக்கூலி போக மிச்சம் என்ன என்று பார்க்கும் தொழிலாளியின் கணக்கு. மற்றொன்று, ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு மாடியில் இரண்டு அறைகள் எழுப்பி, அவற்றின் வாடகையைக்கொண்டே கடன் தவணையையும் மருந்துச் செலவையும் சமாளிக்கும் வீட்டுக்காரரின் கணக்கு. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டது. சுற்றிலுமுள்ள கிராமங்கள் குடியிருப்புகளாக மாறின. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஜனம் பெருகப் பெருக, ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் வீட்டுக்காரரும் குடித்தனக்காரருமாக வாழ நேர்ந்திருக்கிறது. குடித்தனக்காரருக்கு வாடகை திடீரென்று ஏறிவிடுமோ என்ற பயம். வீட்டுக்காரருக்கோ, வந்தவர் வாடகையும் கொடாமல் வீட்டையும் விடாமல் இருந்துவிடுவாரோ என்ற பயம். இவ்விரண்டு பயங்களுக்கும் நடுவே நிற்க வேண்டியது சட்டம்.

அச்சட்டத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது ஒரு தேசபக்தரின் வாழ்க்கை. அவரே ஆந்திர கேசரி டங்குதூரி பிரகாசம் பந்துலு. இன்று மேனாம்பேடு ஒரு மாநிலத்திலும் ஒங்கோல் வேறொரு மாநிலத்திலும் இருக்கின்றன. அன்று இரண்டும் சென்னை ராஜதானி என்ற ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. ஆதலின் ஒங்கோல் சீமையில் தொடங்கிய அவ்வாழ்க்கை நமக்கு அந்நியமன்று.

பந்துலு 1872 ஆகஸ்டு 23-ந் தேதி ஒங்கோலுக்கு அருகேயுள்ள வினோதராயுனிபாலெம் என்னும் கிராமத்தில் பிறந்தார். பிள்ளைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாய் சுப்பம்மாள் குழந்தைகளுடன் ஒங்கோலுக்கு வந்து, சாப்பாட்டு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அடுப்படியில் உழைத்து, பிறர் கொடுக்கும் சிறு தொகையால் மக்களை வளர்த்த அந்த அம்மையின் வீட்டில் காசின் அருமை தெரியாதிருக்க வழியில்லை. தம் வீட்டைக்கொண்டு பிழைப்பவர் எல்லோரும் தனவந்தர் அல்லர் என்பதைப் பந்துலு ஏட்டில் படித்து அறியவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஹனுமந்தராவ் நாயுடு என்ற ஆசிரியர் அச்சிறுவனுடைய புத்திக் கூர்மையைக் கண்டு ஆதரித்து, ராஜமஹேந்திரவரத்திற்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பந்துலு சட்டம் பயின்று அவ்வூரிலேயே வக்கீலானார். முப்பது வயதை ஒட்டிய பருவத்தில் நகரசபைத் தலைவராகவும் ஆனார். பின்னர் சீமைக்குச் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, சென்னை ஹைக்கோர்ட்டில் தொழில் நடத்தினார். பணம் திரளாக வந்தது. விபின சந்திர பாலர் சென்னையில் பிரசங்கம் செய்ய வந்தபோது, சர்க்காரின் கோபத்திற்கு அஞ்சிப் பலர் ஒதுங்கினர். தலைமை வகிக்க முன்வந்தவர் பந்துலு.

1921-ல் மகாத்மாவின் அழைப்பைக் கேட்டு வக்கீல் தொழிலை உதறினார். அவ்வருஷமே ஸ்வராஜ்யா பத்திரிகையைத் தொடங்கினார். சேர்த்த செல்வமெல்லாம் அச்சு யந்திரத்திலும் காகிதத்திலும் கரைந்தது. 1928 பிப்ரவரி 3-ந் தேதி சைமன் கமிஷனைப் பகிஷ்கரித்துச் சென்னையில் நடந்த கிளர்ச்சியில், ஹைக்கோர்ட்டுக்கு அருகே போலீஸார் சுட்டதில் ஒருவர் மாண்டார். அவ்விடத்திற்குச் செல்ல முயன்ற பந்துலுவைத் துப்பாக்கி முனையில் தடுத்தனர். அவர் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றார். ஆந்திர கேசரி என்ற பெயர் அந்நாளிலிருந்து ஜனங்களின் நாவில் நிலைத்தது.

ஆனால் நாம் இங்கே விசேஷமாக நினைவுகூர விரும்புவது துப்பாக்கிக்கு முன் நின்ற பந்துலுவை அன்று. கணக்குப் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த பந்துலுவையே. 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபையில் அவர் ரெவினியூ மந்திரியானார். ஜமீன் கிராமங்களில் குடியானவர் செலுத்தும் வாரம் தாங்க முடியாத பாரமாக இருந்த காலம் அது. அதை விசாரிக்க ஏற்பட்ட கமிட்டிக்கு அவரே தலைவரானார். குடியானவர்களும் ஜமீன்தார்களும் சாட்சியம் அளித்தனர். பழைய தஸ்தாவேஜுகள் தூசி தட்டி எடுக்கப்பட்டன. 1938-ல் அறிக்கை வெளிவந்தது. ஜமீன்தார் நிலத்தின் சொந்தக்காரர் அல்லர், வரி வசூலிக்கும் உரிமை மட்டுமே பெற்றவர் என்றும், சாசுவத நிர்ணயம் ஏற்பட்ட 1802-ல் இருந்த வாரமே நியாயமானது என்றும் அவ்வறிக்கை முடிவு கூறிற்று.

இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1802-ஆம் வருஷத்து ரெகுலேஷன்களில் ஒன்று, ஜமீன்தார் பட்டா எழுதிக் கொடுக்கவேண்டும், குடியானவர் முச்சிலிக்கா எழுதிக் கொடுக்கவேண்டும் என்று விதித்திருந்தது. செலுத்த வேண்டியது இவ்வளவு என்பது எழுத்தில் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. எழுத்து இருந்த இடத்தில் குடியானவனுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. எழுத்து இல்லாத இடத்தில் கணக்கப்பிள்ளையின் வாய்ச்சொல்லே சட்டமாயிற்று. நூற்று முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு நியாயமான வாரம் எது என்று தேடிய கமிட்டியும் பழைய எழுத்தையே நாட வேண்டியதாயிற்று. 1939-ல் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தபடியால் சட்டம் அப்போது பிறக்கவில்லை. 1947-ல் வாரக் குறைப்புச் சட்டமும், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தபோது, பந்துலு அதிகாரத்தில் இல்லை. எனினும் அவர் உழுத நிலத்திலேதான் அவை விளைந்தன.

நிலத்தின் வாரத்திலிருந்து வீட்டின் வாடகைக்கு வருவோம். இரண்டாவது உலக யுத்தத்தில் இரும்பும் சிமெண்டும் படைகளுக்குப் போயின; புது வீடு கட்டுவது அரிதாயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசவே, சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அபாயம் நீங்கியதும் போனவர்கள் திரும்பினர். உத்தியோகம் தேடிப் புதிதாகப் பலரும் வந்தனர். வீடு குறைவு, கேட்போர் அதிகம் என்றால் வாடகை எங்கே நிற்கும்? இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சர்க்கார் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவுகள் பிறப்பித்தது. 1942 போராட்டத்திற்குப் பின் சுமார் மூன்று வருஷங்களைப் பந்துலு சிறையிலே கழித்தார்.

1946 ஏப்ரல் 30-ந் தேதி அவர் சென்னை ராஜதானியின் முதன்மந்திரியானார். யுத்தம் முடிந்துவிட்டது, யுத்தகால விதிகள் காலாவதியாகும் தறுவாயில் இருந்தன. அவை மறைந்தால் குடித்தனக்காரர் வெட்டவெளியில் நிற்க நேரும். அவருடைய ஆட்சிக் காலத்திலேதான் 1946-ஆம் வருஷத்து 15-வது சட்டமாக, கட்டடங்களின் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. இது அவருடைய கற்பனையில் மட்டும் உதித்த சட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்நிய சர்க்கார் யுத்தத்தின் பொருட்டு விட்டுச்சென்ற ஓர் உத்தரவை, ஜனப் பிரதிநிதிகளின் சபை தன் பொறுப்பில் ஏற்றுச் சட்டமாக்கியது. அதுவே அதன் மகத்துவம்.

நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிக்கலாம் என்றது அச்சட்டம். 1940 ஏப்ரல் 1-க்கு முந்திய 12 மாதங்களில் அவ்வட்டாரத்தில் நடந்த வாடகையே அடிப்படை. அதன்மேல் குறிப்பிட்ட அளவு உயர்த்தலாம். அதிகாரியின் உத்தரவின்றிக் குடித்தனக்காரரை வெளியேற்றக்கூடாது. வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தைப் பாழாக்குதல், வீட்டுக்காரருக்கே குடியிருக்க இடம் தேவைப்படுதல் முதலிய காரணங்கள் இருந்தாலே வெளியேற்றலாம். குடித்தனக்காரருக்குக் காவல் கொடுத்த அதே சட்டம், வீட்டுக்காரருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது.

பந்துலுவின் ஆட்சி ஒரு வருஷமும் நீடிக்கவில்லை. கட்சிப் பூசல்களினால் 1947 மார்ச்சில் பதவி இழந்தார்; ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அப்பதவிக்கு வந்தார். பந்துலுவிடம் குறைகள் இல்லாமலில்லை. பிடிவாதம் மிகுந்தவர், சகாக்களோடு ஒத்துப்போகாதவர். ஜனங்கள் அளித்த பணமுடிப்புகளைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டார் என்பதை மகாத்மாவே குறையாக எடுத்துக்காட்டினார். சொத்தையெல்லாம் தேசத்திற்கு இறைத்தவர், ஜனங்கள் தருவதைத் தமது என்று எண்ணிவிட்டார் போலும். கணக்கு எழுத்தில் இருக்கவேண்டும் என்ற பாடம் பெரியோருக்கும் பொருந்தும் என்பதையே இது காட்டுகிறது.

அவருக்குப் பின் 1949-லும் 1960-லும் புதிய வாடகைச் சட்டங்கள் வந்தன. 1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஐம்பது வருஷங்களுக்கு மேல் நின்றது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் அதிகாரியிடம் கட்டுவதற்கு அது வழி செய்தது. எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் அது காத்தது. ஆனால் அதன் குறையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் எழுதிய எண், காலம் மாறியும் மாறாமல் நின்றால் அநியாயமாகிவிடும். மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று ஒரு விதி இருந்தது. விலைவாசி ஏறியதும் நடுத்தரக் குடும்பங்களே அவ்வெல்லைக்கு வெளியே தள்ளப்பட்டன. 1986-ல் சுப்ரீம் கோர்ட் அவ்விதியைச் செல்லாதென்றது. மறுபுறத்தில், கட்டடத்திற்கு ஏற்ற வருமானம் கிட்டாத வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். வழக்கோ கீழிருந்து ஹைக்கோர்ட் வரை வருஷக்கணக்கில் நடந்தது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் வழக்கமாயிற்று. வாடகையைக் கட்டிய சட்டத்தால் முன்பணத்தைக் கட்ட முடியவில்லை.

இந்த அனுபவத்தின் பேரிலேதான் 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் எழுந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் உள்ளது. நியாய வாடகையைச் சர்க்கார் அதிகாரி நிர்ணயித்த பழைய முறை போயிற்று. இரு தரப்பாரும் பேசி ஒப்புக்கொள்வதே வாடகை. ஆனால் அது எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை விரட்டக்கூடாது. தகராறு வந்தால் டிப்டி கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பார். அதற்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு. இச்சட்டம் குடித்தனக்காரரைப் பேரத்தில் தனியே விட்டுவிட்டது என்று சிலர் குறை கூறுவர். அதில் நியாயம் இல்லாமலில்லை. வீடு கிடைக்காத ஊரில், ஒப்பந்தம் என்பது பலவான் சொன்னதற்குப் பலவீனன் தலையசைப்பதாக முடியலாம். வாடகை வீடுகள் பெருகினாலன்றி அக்குறை முற்றும் தீராது. ஆயினும் எழுத்து ஒன்று இருந்தால், ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் கேட்பவரை அதைக் காட்டி நிறுத்தலாம். எழுத்தே இல்லையென்றால் எந்தச் சட்டமும் உதவாது.

மேனாம்பேட்டைப் போன்ற ஊர்களில் வாடகை வாய்ச்சொல்லிலே நடக்கும் வரையில், வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் 1802-ல் பட்டா பெறாத குடியானவனின் நிலையிலேயே இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிக்குக் காகிதத்தைக் கண்டால் அச்சம். வீட்டுக்காரருக்கு அலுவலகத்தைக் கண்டால் அச்சம். இவ்வச்சங்களைப் போக்குவது பொதுஜன ஊழியர்களின் வேலை. கூட்டம் கூட்டித் தீர்மானம் போடுவது எளிது. ஒரு மாலை வேளையில் ஒரு தெருவில் உட்கார்ந்து, இரு தரப்பாரையும் அழைத்து, வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எப்போது எவ்வளவு உயரும், பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் வாங்கி, பதிவு செய்துகொடுப்பது கடினமான வேலை. அவ்வேலையைச் செய்பவரே இன்று குடிக்கூலிப் பிரச்னையின் உண்மையான ஊழியர். அவர் குடித்தனக்காரருக்கு மட்டும் நண்பர் அல்லர். வாடகையை நம்பிப் பிழைக்கும் விதவைக்கும் முதியவருக்கும் அவரே நண்பர்.

பந்துலு 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யத்தின் முதலாவது முதன்மந்திரியாகி, 1957 மே 20-ந் தேதி ஹைதராபாதில் காலமானார். லக்ஷக்கணக்கில் சம்பாதித்தவர் கடைசியில் செல்வம் இல்லாமலே போனார். 1972-ல் ஒங்கோல் ஜில்லாவுக்கு அவர் பெயர் இடப்பட்டது. சென்னையிலோ, அவர் ஆட்சியில் பிறந்த வாடகைச் சட்டத்தின் கதை பலருக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் குற்றமில்லை. மேனாம்பேட்டில் ஒரு குடித்தனக்காரரும் ஒரு வீட்டுக்காரரும் மனக்கசப்பில்லாமல் ஒரு காகிதத்தில் கையொப்பமிடுவார்களானால், சாப்பாட்டு விடுதி நடத்திய அத்தாயின் மகனுக்கு அதுவே போதுமான ஞாபகச் சின்னம்.