குளிர் நாட்டில் வாழை வளர்த்த யோசேப்பு பாக்ஸ்ரன்

நம் வளவுகளிற் கிணற்றடி வாழையைப் பேணுதற்கு எவரும் பெருமுயற்சி செய்வதில்லை. வாய்க்காலோரத்தில் ஒரு குட்டியை நட்டுவிட்டால் அது தானே தழைத்துப் பொத்தி தள்ளிக் குலை ஈனும். ஆனால், உறைபனி நிலத்தை மூடும் இங்கிலாந்து நாட்டில் அதே வாழையைக் கனி தரச் செய்தல் எத்துணை அரிய செயல்! அதனைச் செய்து காட்டியவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் யோசேப்பு பாக்ஸ்ரன் என்னும் தோட்டக்காரர். உயர்கல்வி பெறாத அவர், கைத்தொழிலையே கல்வியாகக் கொண்டு உயர்ந்த வரலாறு நம் மாணவர் அறிதற்குரியது.

பாக்ஸ்ரன் 1803 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் நாள், பெட்போட்சயரைச் சேர்ந்த மில்ரன் பிறையன் என்னும் சிற்றூரில், எளிய உழவர் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தோட்ட வேலைக்குச் சென்ற அவர், 1823 இல் இலண்டனை அடுத்த சிஸ்விக்கிலிருந்த தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்திற் சேர்ந்தார். அங்கே தாம் 1801 இற் பிறந்ததாகப் பதிந்துகொண்டார். இளையவன் என்று தள்ளப்படுவோமோ என அஞ்சினார் போலும். பெரியோர் வரலாற்றிலும் இத்தகைய சிறு வழுக்கள் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று.

சிஸ்விக் தோட்ட நிலம் ஆறாம் டெவன்சயர்க் கோமகனுக்கு உரியது. அங்கு உலாவ வரும் கோமகன் இவ்விளைஞரின் திறமையைக் கண்டு, 1826 இல் தமது சற்ஸ்வேத்து மாளிகைத் தோட்டத்துக்குத் தலைவராக நியமித்தார். அப்பொழுது பாக்ஸ்ரனுக்கு அகவை இருபத்து மூன்றும் நிரம்பவில்லை. மே மாதம் 9 ஆம் நாள் விடியுமுன் நாலரை மணிக்கு அவர் அங்கு வந்து சேர்ந்தார். வாயில் திறக்கப்படவில்லை. காத்திராது மதிலேறிக் குதித்துத் தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வேலையாட்களைப் பணியில் ஏவினார். பின்னர் மாளிகையிற் காலையுணவு கொள்ளும்போது, வீட்டுக் காரியம் பார்த்த அம்மையாரின் மருமகளாகிய சாரா என்னும் நங்கையைக் கண்டு காதல் கொண்டார். மறு ஆண்டு அவரையே மணந்தார். ஒன்பது மணிக்குள் ஒருவர் செய்த வேலையைக் காண்க!

வெப்பநாட்டுச் செடிக்கு வெப்பம் மாத்திரம் போதாது. ஒளியும் ஈரமும் வேண்டும். அக்காலக் கண்ணாடி மனைகளின் தடித்த சட்டங்கள் ஒளியை மறைத்தன. பாக்ஸ்ரன் மெல்லிய மரச்சட்டங்களை அமைத்து, கூரையை வரம்பும் சாலும் போல மடித்துக் கண்ணாடி பதித்தார். இதனாற் காலை மாலை வேளைகளின் மெலிந்த கதிர் நேராகப் புகுந்தது; நண்பகற் கதிர் சாய்வாக விழுந்து கொடுமை தணிந்தது. மழைநீரையும், உள்ளே திரளும் நீர்த்துளியையும் ஒருங்கே வடிக்கும் பீலிகளையும் அவர் வகுத்தார்.

மொரீசியசிலிருந்து வந்த குள்ள வாழையொன்றை அவர் தேடிப் பெற்று வளர்த்தார். அது 1835 நவம்பரிற் பூத்து, மறு ஆண்டு மே மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கனிகளைத் தந்தது. கோமகனின் குடிப்பெயரால் அதற்குக் கவெண்டிஷ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதன் குட்டிகளை யோன் வில்லியம்ஸ் என்னும் பாதிரியார் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். வழியிற் பிழைத்த ஒரு குட்டியே சமோவாவில் வேரூன்றிப் பல தீவுகளுக்கும் பரவியது.

ஆயினும் இவ்வாக்கத்துக்கு விலை கொடுக்கவேண்டியும் இருந்தது. 1835 இற் கல்கத்தாவுக்கு அனுப்பப்பெற்ற யோன் கிப்சன் என்னும் இளைஞர், 1837 இல் அரிய ஓக்கிட் செடிகளுடன் வெற்றியோடு மீண்டார். அவ்வெற்றி தந்த ஊக்கத்தால் 1838 இல் வேறு இரு தோட்டக்கார இளைஞர் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கொலம்பியா ஆற்றிற் படகு கவிழ்ந்து மாண்டனர். அவர்களை அனுப்பிய பாக்ஸ்ரன் அச்செய்தி கேட்டுப் பெரிதும் மனமுடைந்தார். மாளிகைக்கு வந்து மலர் கண்டு மகிழ்ந்தவருள் அவ்விருவரை நினைந்தோர் எத்தனை பேர்?

1836 இல் தொடங்கி 1840 இல் முடிந்த பெருங் கண்ணாடி மனை 277 அடி நீளமும் 123 அடி அகலமும் 67 அடி உயரமும் உடையது. நிலத்தடியில் எட்டுக் கொதிகலன்கள் எரிந்தன. ஏழு மைல் நீளக் குழாய்களில் வெந்நீர் ஓடியது. நிலக்கரி சுரங்கப் பாதை வழியே வந்தது. புகையும் நிலத்தடியாகவே அப்பாற் சென்றது. உள்ளே செல்வோர் பனைகளையும் வாழைகளையும் கண்டனரன்றி, நெருப்பையும் நெருப்பிடுவோரையும் கண்டிலர்.

1849 இற் கியூ பூங்காவிலிருந்து அமேசன் பேராம்பலின் நாற்றொன்றைப் பெற்றார். தொட்டிநீரைச் சூடாக்கி, ஆற்றுநீர் போல் அசையச் சிறு சக்கரம் ஒன்றும் வைத்தார். நவம்பரில் அது பூத்தது. கியூவிற்கூட அன்றுவரை பூக்கவில்லை. அதன் இலைமீது தம் சிறு மகளை நிறுத்தி, இலையின் அடிநரம்புகள் தாங்கும் வலிமையைச் சோதித்தார். அந்நரம்பமைப்பும் அவரது கூரை முறையும் 1851 ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சிக்கு அவர் வகுத்த பளிங்கு மாளிகைக்கு உதவின. அதனால் அவர் வீரத்திருப் பட்டம் பெற்றமை யாவரும் அறிந்ததே. பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கி, 1865 யூன் 8 ஆம் நாள் காலமானார்.

முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்காமையாற் பெருங் கண்ணாடி மனையின் செடிகள் குளிரில் மடிந்தன. 1920 இல் மனையும் இடிக்கப்பட்டது. 1936 இற் பளிங்கு மாளிகை தீக்கிரையாயிற்று. கட்டியவை அழிந்தன; வளர்த்தது அழியவில்லை. இன்று உலக வணிகத்திற் செல்லும் வாழைக் கனிகளுட் பெரும்பங்கு கவெண்டிஷ் என்னும் பெயர் தாங்கிய இனங்களே.

கல்லூரியும் ஒருவகைத் தோட்டமே. நிழலிலே நின்று நெருப்பிட்டவர் பலரின் உழைப்பால் இங்கு இளங்கன்றுகள் பிழைத்தன. விழாக் கொண்டாடும் இவ்வேளையில் பழைய மாணவர் அவர்களை நினைத்தல் கடன். இன்றைய மாணவரோ, வாயில் திறக்கும்வரை காத்திராத அவ்விளைஞரை நினைப்பாராக.