கைகளால் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வழங்கிய முதுமொழி. ஏட்டில் கற்றதைக் கையால் செய்து பார்க்கும்போதே கல்வி நிறைவு பெறுகின்றது. இவ்வுண்மையைத் தம் வாழ்வில் மெய்ப்பித்துக் காட்டியவர், கோயம்புத்தூர் மண் ஈன்ற தொழில் மேதை ஜி. டி. நாயுடு ஆவார்.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடமாக 1990ஆம் ஆண்டு இடம்பெற்றது. இன்று 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்கள் பள்ளிப் பட்டறையில் மரத்தை அறுக்கின்றனர், மின்சுற்றை இணைக்கின்றனர், தாம் வரைந்த பொருளைத் தாமே செய்து, அதன் குறை கண்டு திருத்துகின்றனர். எனினும் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் நாம் அளிக்கும் மதிப்பை இப்பாடத்திற்கு அளிப்பதில்லை. பட்டறையில் கழியும் நேரத்தை வீண் என்று எண்ணும் பெற்றோரும் நம்மிடையே உளர். அத்தகையோர் அறிய வேண்டிய வரலாறு இது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு, கோவைக்கு அண்மையிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஓர் உழவர். தாயாரை இளமையிலேயே இழந்த துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு அவரது பள்ளிப் படிப்பு நின்றது. ஆயினும் கற்கும் ஆர்வம் நிற்கவில்லை. தந்தையாரின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே தமிழ் நூல்களைத் தேடிப் படித்தார்.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைச் சிறுவன் முதன்முறையாகக் கண்டான். அது எவ்வாறு ஓடுகின்றது என்ற வினா அவன் உள்ளத்தில் வேரூன்றியது. கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தான். வயிற்றைக் கட்டிச் சேமித்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினான். வாங்கியவன் அதில் ஏறி ஊரைச் சுற்றி மகிழ்ந்தானோ? இல்லை! அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினான், மீண்டும் பூட்டினான். எரிபொருளும் காற்றும் கலந்து எரிவதையும், அவ்விசை உலக்கைத்தண்டைத் தள்ளுவதையும், தண்டின் அசைவு சக்கரத்தின் சுழற்சியாக மாறுவதையும் எந்த ஆசிரியரும் கற்பிக்காமலே தெரிந்துகொண்டான். அந்த வண்டியே அவனுக்குப் பள்ளியாயிற்று.

பின்னர் திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருளீட்டினார். பம்பாய் வாணிகத்தில் அதனை இழந்தார். மனந்தளராது ஊர் திரும்பிய அவருக்கு, ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபர் கைகொடுத்தார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகளில் அவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் நிறுவனம் ஏறத்தாழ 280 பேருந்துகளைக் கொண்டதாக வளர்ந்தது.

வெளிநாடுகளுக்கும் பயணம் செய்தார். 1936ஆம் ஆண்டு நாம் வாழும் இந்த லண்டன் மாநகரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் படக்கருவியால் பதிவு செய்தார். சென்ற இடமெங்கும் தொழிற்கூடங்களைக் கண்டு, கற்றவற்றைத் தாயகத்திற்குக் கொண்டு சென்றார். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியை உருவாக்கினார். 1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரம் அவர்களுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினார். மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் கோவை பெயர்பெற்றதற்கு அன்றிட்ட வித்தும் ஒரு காரணமாகும்.

தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெற வேண்டும் என்று விரும்பிய நாயுடு, 1945ஆம் ஆண்டு கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தை நிறுவினார். அக்காலத்துச் சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இங்கேதான் அவரது பெரும் போராட்டம் தொடங்கியது.

பொறியியல் மாணவர் நான்கு ஆண்டுகளை வகுப்பறையில் கழிப்பது காலத்தை வீணாக்குவது என்று அவர் கருதினார். முதல் நாளிலிருந்தே இயந்திரங்களோடு பழகினால் அப்படிப்பை அதிற் பாதிக் காலத்தில் முடிக்கலாம் என்று வாதிட்டார். அரசு இதனை ஏற்கவில்லை. தம் கொள்கைக்கு இடமில்லாத பதவி தமக்கு வேண்டாம் என்று அவர் விலகினார். தாம் எழுப்பிய கல்விக்கூடத்தைவிட்டே வெளியேறுவது எளிதன்று. அந்நிறுவனம் பின்னர் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து, இன்றும் சிறந்து விளங்குகின்றது.

இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? பாலம் கட்டுபவர் அதன் சுமையைக் கணக்கிட அறியாவிடில் உயிர்கள் போகும். ஆகவே ஆண்டுக்கணக்கில் கணிதமும் பௌதிகமும் பயில்வது வேண்டியதே. ஆனால் திருகாணி ஒன்றைக்கூடத் தொடாமல் பட்டம் பெறுவதும் முறையன்று. நாயுடு கேட்ட காலக் குறைப்பு நடைபெறவில்லை. எனினும் அவர் வலியுறுத்திய செயல்வழிக் கல்வியை இன்று பள்ளிகளே நடுநிலை வகுப்புகளில் வழங்குகின்றன. பட்டம் பெறும் வயதில் தொடங்க வேண்டியதன்று அது. மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அச்சிறுவனின் வயதிலேயே தொடங்க வேண்டியது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். முன்பு கல்வி நிலையம் இருந்த பகுதியைக் கோவை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். அப்பகுதி வழியே அவிநாசி சாலையில் எழுந்த நீண்ட மேம்பாலத்திற்கு 2025ஆம் ஆண்டு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. அவர் அமைத்த தொழிற் கண்காட்சியும் அச்சாலையிலேயே உள்ளது. விடுமுறையில் தமிழகம் செல்வோர் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லலாம்.

மாணவச் செல்வங்களே! பள்ளிப் பட்டறையில் நீங்கள் செய்யும் பெட்டி கோணலாக அமையலாம். இணைத்த விளக்கு எரியாமற் போகலாம். அஞ்ச வேண்டா. கழற்றுங்கள், காரணத்தைத் தேடுங்கள், மீண்டும் பூட்டுங்கள். பெற்றோரே! வீட்டில் பழுதான கடிகாரமோ வானொலியோ இருந்தால் குப்பையில் எறியுமுன், மின் இணைப்பையும் மின்கலத்தையும் அகற்றிவிட்டு, ஒரு திருப்புளியோடு பிள்ளையின் கையில் கொடுங்கள். அருகில் அமர்ந்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். கைத்திறனும் தாய்மொழியும் ஒருங்கே வளர அதனினும் சிறந்த வகுப்பறை வேறில்லை.