ஹில்லரின் வாழ்வும் குரலிசைக் கல்வியும்

யோகான் ஆடம் ஹில்லர், பேச்சும் பாட்டும் விரவிய 'சிங்ஸ்பீல்' நாடக வகையை வளர்த்தவராகவே செருமானிய இசை வரலாற்றில் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் அவர்தம் இதழ், நூல், பள்ளி ஆகியவற்றை ஒருசேர நோக்குமிடத்து, செம்மையாகப் பாடும் திறனைப் பொதுமக்களுக்கு உரியதாக்குவதே அவர் வாழ்வின் மைய நோக்கம் என்பது புலனாகிறது.

1728 டிசம்பர் 25ஆம் நாள், கெர்லிட்ஸ் நகரை அடுத்த வெண்டிஷ் ஓசிக் என்னும் சிற்றூரில் பிறந்த ஹில்லர், பள்ளியாசிரியரான தந்தையை இளமையிலேயே இழந்தார். ட்ரெஸ்டன் நகரின் கிராய்ட்ஸ் பள்ளியில் பயின்று, 1751இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். பின்னர்ப் பிரூல் பிரபுவின் குடும்பத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். மனச்சோர்வு அவரை நெடுங்காலம் வருத்தியது.

ஏழாண்டுப் போரால் தடைப்பட்டிருந்த லைப்சிக் இசையரங்குகளுக்கு ஹில்லர் புத்துயிர் அளித்தார். 1766 முதல் 1770 வரை இசைக்கென ஒரு வார இதழை நடத்தினார். 1770இல் அரங்கேறிய 'வேட்டை' முதலான அவருடைய நாடகப் பாடல்கள், எளிய மெட்டுகளால் மக்களிடையே பரவின.

அக்காலத்தில் தேவாலயப் பள்ளிகளின் பாடற்பயிற்சி சிறுவர்க்கே உரியதாயிருந்தது. அரசவைகளிலோ இத்தாலியப் பாடகர்களே கோலோச்சினர். இந்நிலையில் 1771இல் ஹில்லர் தொடங்கிய பாடற்பள்ளி பெண்களையும் ஏற்றது. அவரிடம் பயின்ற கெர்ட்ரூட் ஷ்மேலிங், செருமானியப் பாடகியர்பால் நம்பிக்கையற்றிருந்த பிரடெரிக் மன்னரின் பெர்லின் அரசவையில் அவ்வாண்டே இடம்பெற்றார். மற்றொரு மாணவியான கொரோனா ஷ்ரோய்ட்டர் வைமார் அரசவையில் புகழ்பெற்றார்.

கற்பித்தலில் பெற்ற பட்டறிவே இரு நூல்களாயிற்று. 1774இல் வெளிவந்த நூல் பிழையறப் பாடும் முறையையும், 1780இல் வெளிவந்த நூல் அணிநலம் பொருந்தப் பாடும் முறையையும் விளக்குகின்றன. திருத்தம் முதலில், அழகு பின்னர் என்னும் இவ்வரிசையே அவருடைய கல்விக் கொள்கையாகும். இத்தாலியக் கலை நுட்பங்களை அவர் புறக்கணிக்கவில்லை. அவற்றைத் தாய்மொழி வழியே கற்கச் செய்தார்.

1781இல் திறக்கப்பட்ட கெவாண்ட்ஹவுஸ் அரங்கின் முதல் இசை இயக்குநராகவும் ஹில்லர் விளங்கினார். 1784இல் இசையறிஞர் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்தளித்தார். 1786இல் ஹேண்டலின் 'மெசையா'வைப் பெர்லினில் பெருங்குழுவுடன் நிகழ்த்தினார். முன்னர்ப் பாக் வகித்த தூய தோமா தேவாலய இசைத்தலைமைப் பொறுப்பை 1789 முதல் 1801 வரை ஏற்றிருந்தார். 1804 ஜூன் 16ஆம் நாள் லைப்சிக்கில் மறைந்தார்.

ஹில்லரின் நாடகங்கள் காலப்போக்கில் மேடையிலிருந்து அருகின. ஆயினும் பெண்குரலுக்கு முறையான கல்வியும் பொதுமேடையும் பெற்றுத் தந்தமை அவர்தம் நிலைத்த பங்களிப்பு எனலாம்.