டோனாவூரில் ஓர் அம்மா

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். கடவுளின் அன்பு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆலயமல்ல, பிள்ளைக்காம்பரா. காலைப் பெரட்டுக்கு ஓடும் அம்மா என்னை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து மலை ஏறுவார். பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒரே ஆளாகக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தொட்டில் ஆட்டிய அந்த ஆயம்மாவை எங்கள் சபையில் யாரும் ஊழியக்காரி என்று அழைத்ததில்லை. பிரசங்கம் செய்கிறவரே ஊழியர். கடவுளைத் தாய்க்கு ஒப்பிடும் ஏசாயாவின் பகுதியும் அன்னையர் தினத்தில்தான் வாசிக்கப்படும்.

எது ஊழியம் என்ற இந்தக் கேள்வி எமி கார்மைக்கேலையும் துரத்தியிருக்கிறது.

1867 டிசம்பர் 16ஆம் திகதி வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்தவர் எமி. பதினெட்டாவது வயதில் தந்தையை இழந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே பணியாற்றினார். 1893இல் ஜப்பான் போய், உடல்நலம் கெட்டு, 1894இல் சில மாதங்கள் நமது இலங்கையிலும் தங்கினார். 1895இல் இந்தியா வந்தவர் பிறகு தாயகம் திரும்பவே இல்லை. திருநெல்வேலிச் சீமையில் தமிழ் படித்து, பெண்கள் குழுவொன்றுடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்.

1901 மார்ச் மாதம், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதளவான சிறுமியொருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வந்தார்கள். 1904 முதல் கைக்குழந்தைகளும். ஊர் சுற்றிப் பிரசங்கிப்பது நின்றது. ஆத்துமாக்களைத் தேட வந்தவர் பிள்ளைகளின் துணி துவைப்பதா என்று சக மிஷனரிகளில் சிலர் குறைப்பட்டார்கள். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து எமி தன் மனதைத் தேற்றிக்கொண்டார். உள்ளூர்க் கிறிஸ்தவர்களிலும் பலருக்குக் குழந்தை கழுவும் வேலை கௌரவக் குறைவு. சாதி பாராமல் அதைச் செய்ய முன்வந்தவர்கள் சிலரே. அவர்களில் முதன்மையானவர் பொன்னம்மாள் என்ற விதவை. நெய்யூரில் மருத்துவமனைக்கு அருகே நடந்த குழந்தைகள் இல்லத்தை அவரே கவனித்தார். அங்கே தொற்றுநோயில் பல குழந்தைகள் இறந்தபோதும் அவர் விலகவில்லை. 1915இல் புற்றுநோயால் இறந்தார். எமியைக் கொண்டாடுகிறவர்கள் பொன்னம்மாளை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

எமியோடு எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதியதில் கடுமை அதிகம். பிள்ளைகளைக் கடத்துகிறார் என்ற பழியும் வழக்கும் அவரைத் தொடர்ந்தன. ஆனால் கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கம் தமிழர் சமூகத்துக்குள்ளிருந்தே எதிர்க்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணம் அதைச் சட்டத்தால் தடை செய்தது. எமி அதைப் பார்க்க உயிரோடிருந்தார்.

டோனாவூரில் அப்போது யாருக்கும் சம்பளம் இருக்கவில்லை. 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு அவர்கள் வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். தோட்டத்து லயங்களில் இப்படியொரு கொண்டாட்டம் இருந்திருந்தால் எத்தனை பாட்டிமாருக்கு அது பொருந்தியிருக்கும்!

1931இல் ஒரு குழியில் விழுந்து காயமடைந்த எமி, அதன்பின் சுமார் இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். 1951 ஜனவரி 18ஆம் திகதி இறந்தார். கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டியொன்றை வைத்தார்கள். அதில் அம்மா என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.