மூங்கில் மாதிரி ஒரு கோபுரம்: யார் இந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்?

ஒரு ஏ4 பேப்பரை மேஜை மேல் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிற்காது. அதையே சுருட்டி, ஓரத்தில் டேப் ஒட்டி, குழாய் மாதிரி நிறுத்துங்கள். நிற்பது மட்டுமில்லை, தலையில் ஒரு புத்தகத்தையும் தாங்கும். அதே பேப்பர், அதே எடை. வடிவம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கேட்க சின்ன விஷயமாக இருக்கலாம். ஆனால், 100 மாடிக் கட்டடங்களைக் கட்டுப்படியாகும் செலவில் எழுப்ப முடிந்ததற்கு இதுதான் அடிப்படை. 1960களில் இதைக் கணக்குப் போட்டு, கட்டியும் காட்டியவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டாக்காவில் பிறந்த வங்காளி. கட்டடத்தை வரையும் ஆர்க்கிடெக்ட் இல்லை, அதை நிற்க வைக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். அதனாலோ என்னவோ, அவருடைய கட்டடங்களைத் தெரிந்த பலருக்கு அவர் பெயர் தெரியாது.

டாக்கா முதல் சிகாகோ வரை

1929 ஏப்ரல் 3 அன்று பிறந்தார் கான். அப்பா கணித ஆசிரியர். கொல்கத்தாவை ஒட்டிய சிப்பூர் இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1950இல் கலவரம் வெடித்தது. பாதியில் ஊர் திரும்பி, டாக்காவில் உள்ள அஹ்சானுல்லா கல்லூரியில் பட்டத்தை முடித்தார். 1952இல் ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போனவர், இலினாய் பல்கலைக்கழகத்தில் 3 வருடத்தில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார்.

1955இல் சிகாகோவின் ‘ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில்’ நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆனாலும், நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பாகிஸ்தான் திரும்பினார். கராச்சி வளர்ச்சி ஆணையத்தில் பதவி. அங்கே டிசைன் வேலையை விட ஃபைல் வேலைதான் அதிகம். 1960இல் மறுபடியும் சிகாகோவுக்கே போய்ச் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, திரும்பவும் ஃப்ளைட் ஏறிய எத்தனையோ பேருக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

அப்படி என்னதான் பிரச்சினை?

10 மாடிக் கட்டடத்துக்கு முக்கியமான சவால் தன் சொந்த எடையைத் தாங்குவது. 50 மாடிக்கு மேல் போனால் எதிரி மாறிவிடுகிறான். அங்கே காற்றுதான் பெரிய பிரச்சினை. பக்கவாட்டில் அழுத்தும் காற்றில் கட்டடம் வளையாமல் இருக்க, உள்ளே தூண்களையும் பீம்களையும் தடிமனாக்கிக்கொண்டே போக வேண்டும். இரும்பும் செலவும் எகிறும். ஒவ்வொரு கூடுதல் மாடிக்கும் அபராதம் கட்டுவது மாதிரி.

கான் பலத்தை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்தார். வெளிச்சுவரில் தூண்களை நெருக்கமாக வைத்து, பீம்களால் இறுக்கிக் கட்டினால், கட்டடம் முழுக்கவே ஒரு குழாயாக வேலை செய்யும். மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றில் ஒடியாமல் நிற்கிறதே, அந்த மாதிரி. உள்ளே தூண்கள் குறைவதால் இடமும் தாராளமாகக் கிடைக்கும். சிகாகோவில் 43 மாடி டிவிட்-செஸ்ட்நட் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை முதலில் செய்து பார்த்தார். சுமார் 1.7 மீட்டருக்கு ஒரு தூண்.

அடுத்தது ஜான் ஹான்காக் சென்டர். 100 மாடி, 344 மீட்டர். கடைகள், பார்க்கிங், ஆபீஸ், வீடுகள் எல்லாம் ஒரே கோபுரத்தில். இங்கே நெருக்கமான தூண்களுக்குப் பதிலாக, வெளிச்சுவரில் மாடி மாடியாகத் தாண்டிப் போகும் பிரம்மாண்டமான குறுக்குச் சட்டங்கள். இலினாய் தொழில்நுட்ப நிறுவனத்தில் கான் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தபோது, மிக்கியோ சசாகி என்ற ஜப்பானிய மாணவரின் ஆய்வில் உருவாகி வந்த யோசனை இது. ஜன்னலை மறைத்துக்கொண்டு சாய்வாக ஒரு இரும்புச் சட்டம் போனால் யார் வீடு வாங்குவார்கள் என்ற பயம் இருந்தது. இன்றைக்கு அந்தக் கட்டடத்தின் அடையாளமே அந்த ‘எக்ஸ்’ வடிவங்கள்தான்.

கணக்கைப் பாருங்கள்: எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ ஸ்டீல். ஹான்காக்கில் சுமார் 145 கிலோ.

வேலை சுமுகமாகப் போய்விடவில்லை. 1966இல், கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே அஸ்திவாரத்தின் கான்கிரீட் தூண் ஒன்றில் குறை இருப்பது தெரியவந்தது. வேலையை நிறுத்தி, அஸ்திவாரத் தூண்களைச் சோதித்துச் சரிசெய்தார்கள். திட்டத்தைத் தொடங்கியவர் நிதி நெருக்கடியில் சிக்கி விலக நேர்ந்தது. கட்டடம் 1969இல் எழுந்து நின்றது.

வாஷிங் மெஷின் மேடையில் ஒரு டெஸ்ட்

கட்டடம் விழாது, சரி. ஆனால், காற்றில் லேசாக ஆடுமே? 90ஆவது மாடியில் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றினால் யார் குடியிருப்பார்கள்? எவ்வளவு ஆட்டத்தை மனித உடல் உணரும் என்று அப்போது சரியான அளவுகோல் இல்லை. சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் வாஷிங் மெஷின் கண்காட்சி ஒன்றுக்காக மெல்லச் சுழலும் மேடை இருந்தது. கான் அனுமதி வாங்கி, ஆட்களை அதில் நிற்க வைத்து, உட்கார வைத்து, படுக்க வைத்துப் பார்த்தார். கையில் கிடைத்ததை வைத்துச் செய்த டெஸ்ட்தான். ஆனால், ஹான்காக் டிசைனுக்குத் தேவையான பதில் கிடைத்தது.

கம்ப்யூட்டர் கதையும் உண்டு. இப்போது சாஃப்ட்வேர் இல்லாமல் ஒரு மொட்டைமாடிகூட டிசைன் ஆவதில்லை. அன்றைக்கு ஒரு மெயின்ஃபிரேம் வாங்குவது நிறுவனத்துக்குப் பெரிய ரிஸ்க். கானும் அவருடைய கூட்டாளி ஆர்க்கிடெக்ட் புரூஸ் கிரகாமும் மற்ற பங்குதாரர்களிடம் வாதாடி அதை வாங்க வைத்தார்கள். ஆர்க்கிடெக்ட் வரைந்து முடித்த பிறகு இன்ஜினீயர் எப்படியாவது நிற்க வைக்கட்டும் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. இவர்கள் இருவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார்கள். என்னைக் கேட்டால், மெயின்ஃபிரேமை விட இதுதான் பெரிய புதுமை.

ஒன்பது குழாய்கள், ஒரு போர்

சியர்ஸ் டவருக்கான யோசனை, கிரகாம் சிகரெட்டுகளைக் கட்டாகக் கையில் பிடித்துக் காட்டியபோது பிறந்தது என்று சொல்வார்கள். சுமார் 23 மீட்டர் அகலமுள்ள 9 சதுரக் குழாய்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டி. இரண்டு குழாய்கள் 50ஆவது மாடியில் நின்றுவிடும், இரண்டு 66இல், மூன்று 90இல். மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரை போகும். 442 மீட்டர். 1973இல் உலகின் மிக உயரமான கட்டடம் ஆனது.

அது எழும்பிக்கொண்டிருந்த 1971இல்தான் கானின் சொந்த மண்ணில் போர். ரவீந்திர சங்கீதத்தில் ஊறிய மனிதர், சிகாகோவில் இருந்த வங்காளிகளைத் திரட்டினார். நிவாரண நிதி சேர்த்தார், அமெரிக்க அரசியல்வாதிகளிடம் ஆதரவு கேட்டார். அந்த டிசம்பரில் பங்களாதேஷ் பிறந்தது.

உயரம் மட்டுமே அவர் இலக்காக இருக்கவில்லை. ஜெட்டா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தைப் பாருங்கள். வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும் லட்சக்கணக்கான பயணிகள் குவியும் இடம், பாலைவன வெயில். மாபெரும் ஏசி ஹால் கட்டுவதற்குப் பதில், டெஃப்லான் பூசிய ஃபைபர்கிளாஸ் துணியில் 210 கூடாரங்களைத் தொங்கவிட்டார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை, சூடான காற்று மேலே போக வழி. சுவர் கிடையாது. 1981இல் திறக்கப்பட்டு, 1983இல் ஆகா கான் விருதும் பெற்றது.

விருதைப் பார்க்க கான் இல்லை. 1982 மார்ச் 27 அன்று, அதே ஜெட்டாவில் மாரடைப்பால் இறந்துபோனார். வயது 52. மகள் யாஸ்மின் சபினா கானும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஆனார். அப்பாவின் பணியைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

சியர்ஸ் டவரின் உயர சாதனையை 1998இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் முறியடித்தன. அதே வருடம், அந்த டவர் நிற்கும் தெருமுனைக்கு சிகாகோ நகரம் கானின் பெயரை வைத்தது. உடல் சிகாகோவின் கிரேஸ்லாண்ட் கல்லறையில் இருக்கிறது. 2010இல் இறந்த புரூஸ் கிரகாமையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.