காவி வேண்டாம்... வெள்ளை போதும்! வள்ளலார் சொன்ன கலர் பாடம்

இன்டர்வியூவுக்கு எந்தக் கலர் சட்டை போடலாம்னு யோசிக்கிறோம் இல்லையா? வள்ளலாரும் நிறத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். 1823-ல் மருதூரில் பிறந்தவர், வளர்ந்தது சென்னை ஏழுகிணறு பகுதியில். இளவயதில் திருவொற்றியூர் கோயிலே கதின்னு கிடந்தார். துறவின்னா காவி என்றிருந்த காலத்தில், அதைப் போருக்கான நிறமாகப் பார்த்து ஒதுக்கினார். அவர் உடுத்தியது வெள்ளை.

1872-ல் வடலூரில் அவர் திறந்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்நிறம், வெள்ளை, கலப்பு நிறம். ஒவ்வொன்றும் மனசை மூடும் ஒரு மாயை. 1874-ல் அவர் மறைந்துவிட்டார். இன்றும் தைப்பூசத்தன்று ஏழும் விலகினால்தான் ஜோதி தெரியும்.

கவனிச்சீங்களா? அவருக்குப் பிடித்த வெள்ளையும் அங்கே ஒரு திரைதான். நமக்குப் பிடிச்ச கலரும் சில நேரம் கண்ணை மறைக்கும்!